தலைநீரும் ஓர் உம்மையும்

நிகழ்ந்தவற்றைச் சொல்லுமுன் என் நிலையைச் சொல்லிவிடுவது முறை. நான் புவியியலில் பட்டம் பெற்றவன். மலேசியாவின் கெடா மாநிலத்து அரசு இடைநிலைப் பள்ளிகளில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு அதே பாடத்தைக் கற்பித்து, துணைத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். எங்கள் பங்கு ஆலயத்தில் ஞாயிறு திருப்பலியின் முதல் வாசகம் பெரும்பாலும் என்னிடமே தரப்படும். சுங்கை லாலாங் பக்கம், முன்பு ரப்பர் நின்ற நிலத்தில் எழுந்த குடியிருப்பான எங்கள் தாமானில் ‘சார்’ என்றால் அது என்னையே குறிக்கும். வேறு சார் அங்கு இல்லை.

தாமானின் பின்புறம் ஓர் ஓடை உண்டு. ஜெராய் மலையிலிருந்து இறங்கி, செம்பனைத் தோட்டத்தைக் கடந்து, எங்கள் தாழ்ந்த வரிசை வீடுகளை ஒட்டிப் போகும். ஆண்டில் சில தடவை அது கரையை மீறும். வீட்டுக்குள் வந்த நீரைக் கழுவித் தள்ளிவிடலாம். காருக்குள் புகுந்த நீரை அப்படித் தள்ள முடியாது. ஆகவே வெள்ளம் வரும் என்று தெரிந்தால் எல்லாரும் தங்கள் கார்களை ஆலயம் நிற்கும் மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் கார் என்பது காடி. மேட்டுக்குக் கொண்டுபோவது ‘ஏத்துறது.’ வீணாக ஏற்றினால் அதிகாலை வேலைக்குப் போகிறவர்கள் இருட்டில் மேடு ஏற வேண்டும். ஏற்றாமல் விட்டால் இயந்திரம் போய்விடும். யாரோ ஒருவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லி வந்தவன் நான்.

வானம் கறுத்தால் என் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். “சார், ஏத்தலாமா?” நான் மாடிக்குப் போய்ப் பின் சன்னலில் மலையைப் பார்த்துவிட்டு இறங்கி வருவேன். “ஏற்றலாம்” அல்லது “தேவையில்லை” என்பேன். அதற்கு மேல் விளக்கம் கேட்டவர் இல்லை. அந்தக் கேள்விக்காகவே நான் மாலை வேளைகளில் வெளியூர் போவதில்லை என்று என் மனைவி சொல்வாள். அது மிகை. ஆனால் இந்த வயதில் ஒரு மனிதனுக்கு அன்றாடம் எழுந்து சட்டை மாட்டிக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். எனக்கு அந்தக் கேள்வியே காரணமாக இருந்தது.

முற்றத்தில், கூரை நீர் தெறிக்காத தொலைவில், ஒரு செம்பு மழைமானியும் வைத்திருந்தேன். பூனைகள் அண்டாமல் சுற்றிலும் கம்பி வலை. தாமானில் அதற்கு ‘சார் டின்’ என்று பெயர். நான் ஆட்சேபிக்கவில்லை. டின் என்றாலும் அது சாருடைய டின்.

பிறகு, முனை வீட்டை ஒருவர் வாங்கினார்.

அவரும் படித்தவர்தான், பொறியியல். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் கட்டடப் பராமரிப்புப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். மின்னல் நெருங்கும்போது கூரை மேல் வேலை செய்கிறவர்களைக் கீழே இறக்குவது அவருடைய கடமைகளில் ஒன்றாக இருந்ததாம். அதனால் இடிமழை நகரும் ரேடார் படங்களைக் கைப்பேசியில் பார்க்கும் பழக்கம் அவருக்கு. எங்கள் பங்கையே சேர்ந்தவர். வந்த முதல் ஞாயிறன்றே என் கையைப் பற்றிக்கொண்டு, “சார், நீங்கதான் இங்க மழைக்கு அத்தாரிட்டின்னு சொன்னாங்க. நம்மளயும் சேத்துக்குங்க லா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மரியாதையாகத் தலையசைத்தேன். சேர்த்துக்கொள்வதாகச் சொல்லவில்லை.

அவர் சேர்த்துக்கொள்ளப்படுவதற்குக் காத்திருக்கவும் இல்லை. தாமான்வாசிகளுக்கென்று கைப்பேசியில் ஒரு புலனக் குழு, அதாவது வாட்ஸ்அப் குழு, இருக்கிறது. அதில் நான் தேவை ஏற்படும்போது, பிழையற்ற தமிழில், இரண்டொரு வரி எழுதுவது வழக்கம். அவர் எழுதுவதில்லை; பேசி அனுப்பினார்.

“வணக்கம் மக்களே! இன்னிக்கி வெயிலு மண்டையப் பொளக்குது லா. துணி காயப் போட்டவங்க நாலு மணிக்குள்ள எடுத்துருங்க. ஜீன்ஸ் காஞ்சிருச்சு, பாக்கெட்டு மட்டும் ஈரம்னு என் வீட்டு வாசல்ல வந்து நிக்காதீங்க. எனக்கும் அதே பிரச்சனதான்.”

இதற்குக் கீழே கட்டைவிரல் படங்கள் வரிசையாக விழும். சிரித்துக் கண்ணீர் விடும் முகங்கள் விழும். நான் எழுதிய “இன்று பிற்பகல் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்புண்டு” என்பதற்கு விழுந்தவை கூப்பிய கைகள் மட்டுமே, அவையும் வயதானவர்களுடையவை. அவருடைய பதிவு ஒவ்வொன்றையும் நான் இருமுறை கேட்டேன். முதல் தடவை செய்திக்காக. இரண்டாவது தடவை அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக. என் மனைவி தோசைக்கல்லின் முன் நின்று கேட்பாள். நான் சமையலறைக்குள் நுழைந்தால் ஒலியைக் குறைப்பாள். குறைப்பதற்குப் பதில் அவள் உரக்கவே வைத்திருந்தால் எனக்கு வலி குறைந்திருக்கும்.

அந்த ஆண்டு வெயில் கடுமை. தைப்பூசத்துக்குப் பிறகு மழையே இல்லை. பெண்டாங் பக்கம் அறுவடை முடிந்த வயல்கள் பாளம் பாளமாக வெடித்திருந்ததைக் கண்டு வந்தேன். பள்ளிகளில் திடல் விளையாட்டை நிறுத்தினார்கள். குழாயைத் திறந்தால் நண்பகலில் கொதிநீர் வந்தது. இப்படி மண் இறுகிப்போன பருவத்தின் முடிவில்தான் எங்கள் ஊருக்கு ஆபத்து. காலையில் நிலம் காயும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்து மலையில் முட்டும். மேகம் நெட்டுக்குத்தாக எழும். எந்த இடத்தில் கொட்டும் என்பதைப் படத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. பீடோங்கில் லோங்காங் எனும் சாக்கடை நிரம்பி வழியும்போது இங்கே தூசி பறக்கும். இதை நான் வகுப்பில் பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். மலை நகர்வதில்லை, ரேடார் படத்தில் மேகம் நகர்கிறது. பார்க்க வேண்டியது மலையை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய மாலை, பங்குத் தந்தை ஆலயப் படிகளில் இறங்கி வந்தார். பவனியை வெளியே வைக்கலாமா, உள்ளேயே முடித்துக்கொள்ளலாமா என்று ஆண்டுதோறும் என்னைத்தான் கேட்பார். நான் சட்டைக் கைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நின்றேன். “சார், நல்லா இருக்கீங்களா? வெயில் ஜாஸ்தி, தொப்பி போட்டுக்குங்க” என்று சிரித்துவிட்டு என்னைக் கடந்து போனார். எனக்குப் பின்னால் முனை வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

“அண்ணே, நாளைக்கு வெளிய நடக்கலாமா?”

“நடங்க ஃபாதர். அறுபது பெர்சன் மழ இல்ல.”

“மீதி நாப்பது?”

“மீதிக்குத்தானே உங்கள வச்சிருக்கோம்?”

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தந்தையும் சிரித்தார். பவனி நனையவில்லை. நான் சொல்லியிருந்தாலும் நனைந்திருக்காது. அறுபது விழுக்காடு என்பது தீர்ப்பே அன்று. எப்படி ஆனாலும் சொன்னவர் தப்பித்துக்கொள்ளும் வழி. முப்பதாண்டுக்கு மேல் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லிப் பழகிய எனக்கு அந்த வழி தெரியாமல் இல்லை. அதைப் பயன்படுத்தாமல் இருந்தேன்.

தாமான் முகப்பில், எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில், ஒரு முஸ்லிம் அன்பர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில்தான் ஊர் கூடும். அந்த வாரம் என்னைப் பார்த்ததும் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

“சார், நீங்க ஒரு மழ சொல்றீங்க, அவரு ஒரு மழ சொல்றாரு. நான் எந்த மழைக்கு அரிசி மூட்டையத் தூக்கி மேல வைக்கிறது?”

“சரியான மழைக்கு.”

“அப்ப ரெண்டு பேரும் பேசி ஒரு மழையா அனுப்புங்க சார். என் இடுப்பு ஒண்ணுதான் இருக்கு.”

இந்தச் சமயத்தில்தான் அந்தச் சொல் வந்தது. பள்ளி விடுமுறையில் மலையடிவார அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களுக்காக அவர் ஒரு குரல் பதிவு போட்டார். “மேல மழ பேஞ்சா கீழ கெப்பாலா ஆயேர் வரும், பாத்துக் குளிங்க” என்றார். மலை உச்சியில் பெய்த மழை, கீழே ஒரு துளியும் விழாதபோது, சுவர்போல் திடீரென்று இறங்கி வருவதை மலாய்க்காரர்கள் அப்படிச் சொல்வார்கள்: தண்ணீரின் தலை. பொருத்தமான சொல்தான். ஆனால் தமிழர்கள் கூடிய குழுவில் தமிழர் ஒருவர் தமிழர்களை எச்சரிப்பதற்கு மலாய்ச் சொல் எதற்கு? நான் எழுதினேன்: “இதனைத் தமிழில் ‘தலைநீர்’ எனலாம்.” கூப்பிய கைகள் இரண்டு விழுந்தன. அவர் மட்டும், “சூப்பர் சார்” என்று போட்டார். ஆங்கிலத்தில்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில் ஒருநாள். நண்பகலில் அவர் குரல் வந்தது. “மக்களே, இன்னிக்கி இடி பூரா பெண்டாங் பக்கம் போகுது. நமக்கு ஒண்ணும் இல்ல. காடி ஏத்த வேணாம், கால நீட்டிப் படுங்க.” கட்டைவிரல்கள் விழுந்தன.

நான் மாடிச் சன்னலுக்குப் போனேன். எங்கள் கூரைகளுக்கு மேல் வானம் வெளுத்த நீலம். மழைமானி காய்ந்து கிடந்தது. ஆனால் மலைக்குத் தலை இல்லை. கருமேகம் அதன் தோள்வரை இறங்கி, நகராமல் நின்றது. மேகத்தின் ஒரு பகுதி பெண்டாங்கை நோக்கிப் பிரிந்து போனது உண்மைதான். அவருடைய படம் அதைக் காட்டியிருக்கும். மீதி நின்ற இடத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்புறச் சிறு பாலத்துக்கு நடந்தேன். காலையில் கூழாங்கல் தெரிய ஓடிய நீர் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. பச்சை இலைகளும் ஒடிந்த சுள்ளிகளும் வந்தன. காய்ந்து விழுந்தவை அல்ல. அப்போதுதான் பிய்த்து வந்தவை. ஐயத்துக்கு இடமில்லை.

வீட்டுக்கு வந்து, நின்றபடியே எழுதினேன்: “அன்புடையீர், மலையில் பெய்யும் கனமழையால் இன்று மாலை நம் ஓடையில் தலைநீர் வரவிருக்கிறது. தாழ்வரிசையினர் விரைந்து ஆவன செய்க.”

இதில் ஒரு சொல்லும் தவறில்லை என்பதை இன்றும் சொல்வேன்.

தாமானின் இளையவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்க வராது. அவர்கள் கடைக்காரரிடம் கைப்பேசியை நீட்டியிருக்கிறார்கள். அவர் அடுப்படியில் நின்றபடி படித்துப் பொருளும் சொல்லியிருக்கிறார். பின்னர் அவரே என்னிடம் ஒப்பித்துக் காட்டியது இது:

“சார் வீட்டுல இன்னிக்கி சாயங்காலம் தலைக்குத் தண்ணி ஊத்துறாங்களாம்.”

“சார் வீட்டுல ஏதுண்ணே வயசுப் பொண்ணு?”

“பேத்தியா இருக்கும். ஆவன செய்யணுமாம்.”

“ஆவனன்னா? மொய்யா?”

“மொய்யுந்தான், தட்டுந்தான்.”

பெண் பெரியவளானால் நடத்தும் நீராட்டுச் சடங்குக்கு என் வீட்டில் பெண்ணே இல்லை. எனக்கு இரண்டு மகன்கள், பேரன்கள். எனினும் குழுவில் பூங்கொத்துகள் விழத் தொடங்கின. “வாழ்த்துகள் சார்” என்றது ஒன்று. தாழ்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் என் மனைவிக்கு அழைத்து, “ஏங்க்கா, நம்ம கிட்ட ஒரு வார்த்த சொல்லல? திடீர்னு சொன்னா நான் எந்தச் சேலையக் கட்டுறது?” என்று கோபித்துக்கொண்டாள். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சிரித்தது போதும். உன் காரை எடு; மேட்டுக்குக் கொண்டுபோ” என்றேன். எங்கள் வீடு தாழ்வரிசையில் இல்லாவிட்டாலும் அவள் காரைக் கடை அருகில் நிழலுக்காக விட்டிருந்தாள்.

அவள் கைப்பேசியைத் துழாவினாள். “இருங்க, அவரு என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு எடுக்குறேன்.”

வேண்டுமென்றே சொன்னதல்ல. அதனால்தான் நான் வாசலுக்கு வந்து நின்றேன். நாற்பதாண்டுகளாக என் சொல்லைக் கேட்டவள். அல்லது, வேறு சொல் கேட்கக் கிடைக்காததால் கேட்டவள்.

அப்போது முனை வீட்டுக்காரர் அரைக்கால் சட்டையோடு என் வாசலை நோக்கி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

“சார், நீங்க போட்டது, கெப்பாலா ஆயேரா?”

“தலைநீர்.”

“அதான் சார், கெப்பாலா ஆயேர்தானே?”

“தமிழில் தலைநீர்.”

“சார், தமிழ நாளைக்கிப் பேசுவோம் சார். தண்ணி வருதா இல்லையா?”

“வருகிறது.”

“மலையப் பாத்தீங்களா?”

“மலையையும் பார்த்தேன். ஓடையையும் பார்த்தேன்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, என் முற்றத்தில், என் மழைமானியின் கம்பி வலைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கைப்பேசியை வாயருகே வைத்தார்.

“மக்களே, அவசரம்! மலையில பேஞ்சுக்கிட்டு இருக்கு, கெப்பாலா ஆயேர் வருது. கீழ் வரிச காடி எல்லாம் இப்பவே சர்ச்சு மேட்டுக்கு ஏத்துங்க. மத்தியானம் நான் சொன்னத மறந்துருங்க. சாரும் சொல்றாரு. ஓடுங்க லா, ஓடுங்க!”

சாரும் சொல்றாரு.

உம் என்பது சிறிய இடைச்சொல். இலக்கணத்தில் எச்ச உம்மை என்பார்கள்: இவரும் சொல்கிறார் என்றால், முன்னமே வேறொருவர் சொல்லிவிட்டார் என்று பொருள். அந்த வேறொருவர் யார்? நண்பகலில் கால் நீட்டிப் படுக்கச் சொன்னவர். அவர் அதைத் திட்டமிட்டுச் சொன்னாரா, அவசரத்தில் வாயில் வந்ததா என்று நான் பலநாள் யோசித்தேன். திட்டமிட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பதிவு போய்ச் சேர்ந்த அதே நிமிடத்தில் தாமான் முழுவதும் இயந்திரங்கள் உயிர்பெற்றன. என் எழுத்துக்கு ஒரு சக்கரமும் அசையவில்லை. அவர் குரலுக்கு எல்லாம் அசைந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் மேடேறின; மோட்டார் சைக்கிள்கள் ஏறின. அவற்றின் நடுவே என் மனைவியின் சிறிய வெள்ளைக் காரும் ஏறியது. அவள் என் பக்கம் கையசைத்தாள். அவரும் தம் வண்டியை எடுக்க ஓடிப் போனார். நான் மழைமானியின் அருகில் தனியே நின்றேன்.

வெயில் மாறாத மாலையில் வெள்ளம் வந்தது. இரைச்சல் முதலில், பிறகு செம்மண் நிறத்தில் நீர், செம்பனை மட்டைகளையும் யாரோ ஒருவருடைய செருப்பையும் சுமந்துகொண்டு. தாழ்வரிசையில் முழங்கால் மட்டம். கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகள் சாலையில் மிதந்தன. அரிசி மூட்டைகள் மேலே பத்திரமாக இருந்தன. ஒரு கார்கூடக் கெடவில்லை. எங்கள் மேல் ஒரு துளி மழையும் விழவில்லை.

மறுநாள் எல்லாரும் சேறு வாரினோம். நானும் வாரினேன். கடைக்காரர் இலவசமாகத் தேநீர் ஊற்றினார். முனை வீட்டுக்காரரின் தோளைத் தட்டாதவர் இல்லை.

“அண்ணே, நீங்க மட்டும் அந்த வாய்ஸ் போடலன்னா என் காடி இன்னிக்கி பட்டறையிலதான்” என்றான் ஒருவன்.

அவர் என்னைச் சுட்டினார். “நான் இல்ல லா. சார்தான் சொன்னாரு. எனக்கே அவரு சொல்லித்தான் தெரியும்.”

கடைக்காரர் நெகிழ்ந்துபோனார். “பாத்தீங்களா, என்னா ஒரு பெருந்தன்மை! பெரியவரு மனசு நோகக்கூடாதுன்னு விட்டுக்குடுக்குறாரு.” பிறகு என் பக்கம் குனிந்து, குறும்பாக, “சார் டின்னுல நேத்து எவ்வளவு சார்?” என்றார்.

“ஒன்றுமில்லை” என்றேன்.

“அதான். டின்னுல ஒரு சொட்டு இல்ல. எங்கடையில மீன் நீந்துது. டின்ன வச்சிக்கிட்டு சார் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?”

எல்லாரும் சிரித்தார்கள். முனை வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “சார்தான் லா” என்றார் மறுபடியும், சற்றுக் கோபமாகவே. அவர் எத்தனை முறை உண்மையைச் சொன்னாரோ அத்தனை முறை அவர் புகழ் உயர்ந்தது. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதை அவரால் திருப்பித் தரவும் முடியவில்லை. அவர் பொய்யராக இருந்திருந்தால் நான் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

தாமான் சங்கம் வெள்ள எச்சரிக்கைக்கு ஒருவரை நியமித்தது. அவர்தான். துணைக்கு ஆலோசகராக என்னைப் போடலாம் என்று அவரே முன்மொழிந்தார், நான் மறுத்துவிட்டேன். இப்போதும் மலைமேல் மேகம் கட்டினால் நான் மாடிச் சன்னலுக்குப் போகிறேன். பார்த்துவிட்டு இறங்கி வந்து, சட்டை மாட்டி, வாசலில் நிற்கிறேன். சேலைக்காகக் கோபித்த அந்தத் தாழ்வரிசை அம்மாள் என்னைக் கண்டால், “என்ன சார், காத்து வாங்குறீங்களா?” என்று அன்பாகக் கேட்டுவிட்டு முனை வீட்டை நோக்கிப் போவாள். அங்கே அவள் குரல் எனக்குக் கேட்கும்: “அண்ணே, ஏத்தலாமா?”

தலைநீர் என்ற சொல் மட்டும் நின்றுவிட்டது. நாலைந்து பேர் அதைக் கேலியாகச் சொல்லத் தொடங்கி, இப்போது கேலியில்லாமலே சொல்கிறார்கள். முனை வீட்டுக்காரரும் தம் பதிவுகளில் சொல்கிறார். சொல்லை ஆக்கியவர் அவர் என்று அண்மையில் கடையில் ஒருவன் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான். அன்றைய வெள்ளத்தை அவர் முன்னறிந்து சொன்னதாகவும், சாரும் அதையே சொன்னதாகவும் சொன்னான்.

இரண்டும் தவறு. தலைநீர் என்ற சொல் என்னுடையது. அன்று வெள்ளம் வரும் என்று சாரும் சொல்லவில்லை, சார் சொன்னார். அவர் அதை மலாயில் திருப்பிச் சொன்னார்.